திணிவுத் திருசியமானி வருமுன் உடைப்பைக் கற்பிப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

கிழக்கு மாகாணத்தில், மூலக்கூறுகளின் திணிவை நிறுக்கும் கருவியான உயர்திறன் திணிவுத் திருசியமானி ஒன்று நிறுவப்பட வேண்டும் என்று வலியுறுத்தித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளியான கட்டுரையை மகிழ்ச்சியோடு வாசித்தேன். சட்டியில் உறைய வைத்து விற்கப்படும் எருமைத் தயிரில் பசுப்பால் கலந்திருக்கிறதா என்று அறியவும், வட்டை எனப்படும் வயல்வெளியில் வேலை செய்வோரைத் தீண்டும் பாம்புகளின் நஞ்சை நம் மண்ணிலேயே ஆராயவும் அத்தகைய கருவி வேண்டும் என்ற கருத்தில் எனக்கு எவ்வித மாறுபாடும் இல்லை. ஆயினும், மாதிரியை உள்ளே செலுத்தினால் அதிலுள்ள புரதங்களின் பட்டியலைக் கருவியே தந்துவிடும் என்ற பொருளில் அக்கட்டுரையில் எழுதப்பட்டிருந்த ஓர் இடம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்த எண்ணத்தோடு கருவியை வாங்கினால் பல கோடி ரூபாவைச் செலவழித்துவிட்டுத் தவறான பெயர்ப்பட்டியல்களை அச்சிட்டுக்கொண்டிருப்போம் என்று அஞ்சியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் பிறந்து வளர்ந்த நான், வெளிநாட்டுப் புரத ஆய்வுகூடம் ஒன்றில் ஒன்பது ஆண்டுகள் இக்கருவியை இயக்கும் பணியைச் செய்தேன். பின்னர் ஊர் திரும்பி உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்து ஓய்வு பெற்று, இப்போது களுவாஞ்சிகுடியில் வசிக்கிறேன். நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். புரதங்களை அடையாளம் காண்பதில் இக்கருவியின் நிறுக்கும் திறனைவிட, நிறுப்பதற்கு முன் பெப்ரைட்டுகளை, அதாவது புரதத்தை வெட்டிக் கிடைக்கும் குறுகிய அமினோவமிலச் சங்கிலிகளை, அது எப்படி உடைக்கிறது என்பதே முக்கியமானது. அந்த உடைப்பைச் சரியான அளவில் நிகழ்த்தவும், உடைந்த துண்டுகளை வாசிக்கவும் தெரிந்தவர்கள் கருவிக்கு முன்பே நம்மிடம் உருவாக வேண்டும்.

உயர்தரப் பாடநூலில் சமதானிகள் பற்றிய பகுதியில் திணிவுத் திருசியமானியை மாணவர்கள் சந்திக்கிறார்கள். ஜே. ஜே. தொம்சன் நியோன் வாயுவில் 20, 22 என்ற இரு திணிவுகளைக் கண்டதும், அவருடைய உதவியாளர் அஸ்ரன் அக்கருவியைச் செம்மைப்படுத்தி 1922 ஆம் ஆண்டில் இரசாயனவியலுக்கான நொபெல் பரிசு பெற்றதும் அந்த வரலாற்றின் தொடக்கம். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளைச் சிதைக்காமல் ஆவிநிலை அயன்களாக்கும் வழி நெடுங்காலம் தெரியாமல் இருந்தது. அதற்கு ஒரு வழியைக் கண்ட ஜோன் பென், லேசரைக் கொண்டு வேறொரு வழியைக் கண்ட கொய்ச்சி தனாக்கா ஆகிய இருவரும் 2002 ஆம் ஆண்டின் இரசாயனவியல் பரிசில் பங்கு பெற்றனர். பென்னின் முறையில், அமிலம் சேர்த்த கரைசல் உயர் மின்னழுத்தம் கொடுக்கப்பட்ட நுண்குழாயின் நுனியிலிருந்து நுண்துளிகளாகத் தெறிக்கிறது. துளி வற்ற வற்றப் பெப்ரைட்டுகள் ஒன்றோ இரண்டோ மூன்றோ புரோத்தன்களை ஏந்திக்கொண்டு வெளிவருகின்றன. இதுவரையில் நடப்பது நிறுவைதான்.

நிறுவை மட்டும் போதாது என்பதற்கு ஓர் எளிய கணக்குச் சொல்கிறேன். அலனீன், வலீன், குளுத்தாமிக் அமிலம், புரோலீன், பீனைல்அலனீன், லைசீன் என்ற ஆறு அமினோவமிலங்கள் இந்த வரிசையில் இணைந்த ஒரு பெப்ரைட்டை எடுத்துக்கொள்வோம். அதன் திணிவு 689.375 தால்டன் (மூலக்கூறுகளின் திணிவை அளக்கும் அலகு). ஆனால் இந்த ஆறையும் 720 விதமாக வரிசைப்படுத்தலாம். எல்லாவற்றிற்கும் அதே திணிவுதான். திரிப்சின் நொதியம் புரதத்தை லைசீனுக்கும் ஆர்ஜினீனுக்கும் அடுத்தே வெட்டுவதால் கடைசி எழுத்து லைசீன் என்று கொண்டாலும், இன்னும் 120 வரிசைகள் எஞ்சி நிற்கும். எத்தனை தசமதானம் துல்லியமாக நிறுத்தாலும் இந்த 120 இல் எது நம் பெப்ரைட்டு என்று சொல்ல முடியாது. அதனால்தான் கருவியின் நடுவே, அந்த ஓர் அயனை மட்டும் பிரித்தெடுத்து, வாயு மூலக்கூறுகளோடு மோதவிட்டு உடைத்து, துண்டுகளை மீண்டும் நிறுக்கிறோம். ஒரே தாய் அயன் கோடிக்கணக்கான பிரதிகளாக இருப்பதால் ஒவ்வொரு பிரதியும் வெவ்வேறு பிணைப்பில் உடைந்து ஏணிப்படிகள் போன்ற துண்டுவரிசையைத் தருகிறது. இடப்பக்கத் துண்டில் மின்னேற்றம் தங்கினால் அதனைப் பி அயன் என்றும், வலப்பக்கத் துண்டில் தங்கினால் வை அயன் என்றும் அழைக்கிறோம். 1984 ஆம் ஆண்டில் ரோப்ஸ்ரோர்ப், போல்மன் ஆகிய இருவர் முன்வைத்த பெயரீட்டு முறையிலிருந்து வந்த பெயர்கள் இவை.

மேற்சொன்ன பெப்ரைட்டின் வை அயன்கள் வலப்புறத்திலிருந்து முறையே 147.11, 294.18, 391.23, 520.28, 619.34 என வரும். முழுப் பெப்ரைட்டு ஒற்றை ஏற்றத்தில் 690.38. அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பாருங்கள் (இரண்டு தசமதானங்களுக்கு முழுமையாக்கியதால் கடைசி இலக்கம் ஒன்று கூடவோ குறையவோ வரலாம்): 147.07 பீனைல்அலனீன், 97.05 புரோலீன், 129.04 குளுத்தாமிக் அமிலம், 99.07 வலீன், 71.04 அலனீன். பெப்ரைட்டு வலமிருந்து இடமாகத் தன்னைத்தானே எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுகிறது. பி வரிசையில் 171.11, 300.16, 397.21, 544.28 ஆகியவை வரும். ஒரே இடத்தில் உடைந்த பி, வை துண்டுகள் இரண்டையும் கூட்டினால் எப்போதும் 691.39 வர வேண்டும்; 300.16 உம் 391.23 உம் அவ்வாறே கூடுகின்றன. வகுப்பில் இந்தக் கணக்கை முதன்முறை செய்து முடிக்கும் மாணவரின் முகத்தில் தோன்றும் வியப்பை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கழித்தல் தெரிந்த எவரும் ஒரு புரதத்தின் துண்டை வாசித்துவிடலாம் என்பது சின்ன விடயம் அல்ல. கவனக்குறைவாக வாசித்தால் இடறுவதற்கும் இங்கே இடம் உண்டு: முதல் வை அயனான 147.11 லைசீனிலிருந்து வருவது, பீனைல்அலனீனின் 147.07 வேறு. இரண்டாம் தசமத்தைப் பாராதவர் அங்கேயே தவறிவிடுவார்.

இந்த ஏணியில் எல்லாப் படிகளும் இருந்தால்தான் ஏற முடியும். படிகள் இருப்பதும் இல்லாமற்போவதும் மோதலின் வலுவைப் பொறுத்தது. உரலில் நெல் குற்றிய நம் தாய்மாருக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மெதுவாகக் குற்றினால் உமி நீங்காத நெல்லாகவே கிடக்கும். அளவுக்கு மீறிக் குற்றினால் அரிசி குறுணலாகிவிடும். நெல்லின் இனத்துக்கும் அது காய்ந்த பதத்துக்கும் ஏற்பக் கையின் வேகம் மாற வேண்டும். மோதல் வலு குறைந்தால், இரண்டு புரோத்தன் ஏந்திய தாய் அயன், திணிவை ஏற்றத்தால் வகுத்து வரும் 345.69 என்ற இடத்தில் உடையாமல் அப்படியே நிற்கும். வலு மிகுந்தால் வை அயன்களும் பி அயன்களும் மறுபடி உடைந்து, பீனைல்அலனீனிலிருந்து 120.08, வலீனிலிருந்து 72.08, புரோலீனிலிருந்து 70.07 என்ற சிறு துண்டுகளே குவிந்து கிடக்கும். இவை எந்த அமினோவமிலம் உள்ளே இருந்தது என்பதைச் சொல்லும். எந்த வரிசையில் இருந்தது என்பதைச் சொல்லா. குறுணலைப் பார்த்து இது எந்த நெல்லின் அரிசி என்று கேட்பது போன்றது அது.

வலு என்று இங்கே சொல்வது கருவித்திரையில் தட்டெழுதும் வோல்ற்று எண் அல்ல. இதனை நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் கூறுகிறேன். இரண்டு ஏற்றம் கொண்ட நம் பெப்ரைட்டை 15 வோல்ற்றில் முடுக்கினால் அதன் இயக்கசக்தி 30 இலத்திரன் வோல்ற்று. ஆனால் மோதலில் உள்ளே செல்லக்கூடிய சக்தி, மோதப்படும் வாயுவின் திணிவைப் பொறுத்த ஒரு பங்கு மாத்திரமே: வாயுவின் திணிவை, வாயுவும் அயனும் சேர்ந்த திணிவால் வகுத்து வரும் பங்கு. ஆகன் வாயுவாயின் ஒரு மோதலில் அதிகபட்சம் 1.64 இலத்திரன் வோல்ற்று, நைதரசனாயின் 1.17, ஈலியமாயின் வெறும் 0.17. அவ்வாறு உள்ளே சென்ற சக்தியும் ஒரு பிணைப்பில் குவிந்துவிடுவதில்லை. இந்தச் சிறு பெப்ரைட்டில், இரு புரோத்தன்களையும் சேர்த்து, 102 அணுக்கள் இருக்கின்றன. ஆகவே 102 ஐ மூன்றால் பெருக்கி ஆறைக் கழித்தால் வரும் 300 அதிர்வு வகைகளிடையே அச்சக்தி பகிரப்படுகிறது. ஏதோ ஒரு கணத்தில் போதுமான சக்தி ஒரு பிணைப்பைச் சுற்றிச் சேரும்போதுதான் அது உடையும். பெப்ரைட்டு பெரிதாகப் பெரிதாக அதிர்வு வகைகள் கூடுவதால் தேவைப்படும் வோல்ற்றும் கூடுகிறது. ஏற்றம் கூடினால், ஒரே வோல்ற்றில் கிடைக்கும் சக்தி பெருகுவதாலும் புரோத்தன்களின் ஒன்றையொன்று விலக்கும் விசையாலும், வோல்ற்றைக் குறைக்க வேண்டியிருக்கிறது. அயன்களை மின்புலத்தில் பிடித்துவைத்து ஈலியத்தைப் பயன்படுத்தும் அயன்பொறிகள் ஒரு பலத்த மோதலுக்குப் பதிலாகப் பல மில்லிசெக்கன் நேரம் நூற்றுக்கணக்கான மெல்லிய மோதல்களால் தாய் அயனைச் சூடாக்குகின்றன. அவற்றில் தாய் அயனின் திணிவு–ஏற்ற விகிதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குக் கீழுள்ள துண்டுகள் பொறியில் தங்குவதில்லை என்பதையும் வாசிப்பவர் மறக்கக் கூடாது. தாய் அயன் 600 இல் இருந்தால், லைசீனின் 147 தெரியாமற்போவது லைசீன் இல்லாததனால் அல்ல.

இனி, எல்லாப் பிணைப்புகளும் ஒரே எளிமையுடன் உடைவதில்லை என்பதற்கு வருகிறேன். இக்கடிதத்தின் மிக முக்கியமான பகுதியாக நான் கருதுவது இதுவே. பெப்ரைட்டுப் பிணைப்பு சும்மா உடைவதில்லை. ஒரு புரோத்தன் அங்கே வந்து நைதரசனில் ஏறிப் பிணைப்பை நலிவாக்க வேண்டும். அவ்வாறு நலிந்ததும், இடப்பக்கத்திலுள்ள அடுத்த காபனைல் தொகுதியின் ஒட்சிசன் வளைந்து வந்து தாக்கி, ஐந்து உறுப்புகள் கொண்ட வளையமாக மூடிக்கொள்ள, வலப்பக்கத் துண்டு கழன்றுவிடுகிறது. திரிப்சின் வெட்டிய பெப்ரைட்டில் இரண்டு புரோத்தன்கள் இருக்குமாயின், ஒன்று வலக்கோடியிலுள்ள லைசீனின் அல்லது ஆர்ஜினீனின் பக்கச்சங்கிலியில் குந்திக்கொள்ளும். மற்றது மோதலின் சூட்டில், பெப்ரைட்டுச் சங்கிலியின் முதுகெலும்பு நெடுக அலைந்து திரிந்து, ஒவ்வொரு பிரதியில் ஒவ்வோர் இடத்தில் உடைப்பை நிகழ்த்தும். நல்ல ஏணி கிடைப்பது இந்த அலையும் புரோத்தனால்தான். ஒரே ஒரு புரோத்தனும் ஓர் ஆர்ஜினீனும் இருந்தால், ஆர்ஜினீன் அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். அலைவதற்கு வேறு புரோத்தன் இல்லை. அப்போது எவ்வளவு வோல்ற்று ஏற்றினாலும் பெப்ரைட்டு அடம்பிடித்து நின்று, இறுதியில் அஸ்பாட்டிக் அமிலம் போன்ற அமிலப் பக்கச்சங்கிலி தன் சொந்த ஐதரசனைக் கொடுத்து உதவும் இடத்தில், அதாவது அவ்வமிலத்துக்கு வலப்பக்கத்தில் மட்டும் பெரும்பாலும் உடையும். புரோலீன் இருந்தாலோ, அதன் இடப்பக்கப் பிணைப்பு மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு உடையும். நாம் பார்த்த உதாரணத்தில் 391.23 என்ற வை அயன் மற்றவற்றைவிட உயர்ந்து நிற்பது அதனால்தான்.

ஆகவே உடைப்பின் வினைத்திறனைக் கூட்டுவது என்பது வோல்ற்றைக் கூட்டுவது என்ற பொருளன்று. கரைசலில் அமிலத்தைச் சரிசெய்து இரண்டு அல்லது மூன்று ஏற்றமுள்ள அயன்களைத் தெரிந்தெடுப்பது அதன் தொடக்கம். ஒவ்வொரு தாய் அயனுக்கும் அதன் திணிவையும் ஏற்றத்தையும் கொண்டு வோல்ற்றைக் கணித்து அமைப்பதும், ஒரே அயனைத் தாழ்ந்த, நடுத்தர, உயர்ந்த என்ற மூன்று சக்திகளில் உடைத்துத் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து நிறுப்பதும் இன்று பல கருவிகளில் எளிதில் செய்யக்கூடியவை. பக்கத்தில் நிற்கும் வேறு பெப்ரைட்டு கூடவே நுழைந்துவிடாதபடி, தாய் அயனைப் பிரித்தெடுக்கும் திணிவு எல்லையான தெரிவுச் சாளரத்தை ஒடுக்குவதும் அவ்வாறே. ஆனால் மிக ஒடுக்கினால் அயன்கள் குறைந்து துண்டுகள் இரைச்சலுக்குள் மறைந்துவிடும். ஒற்றை ஏற்ற அயன்களே கிடைக்கும் லேசர் முறையில், பெப்ரைட்டின் இடக்கோடியில் சல்போனிக் அமிலத் தொகுதி ஒன்றை இணைத்துவிட்டால், அலையும் புரோத்தன் ஒன்று கிடைத்து வை வரிசை பளிச்சென்று தெரியும். இரசாயனவியல் அறிந்தவரின் கை கருவியின் விலையைவிடப் பெரிது என்று இதனைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

முன்பு சொல்கிறேன் என்று விட்ட சம்பவம் இது. நான் பணிபுரிந்த ஆய்வுகூடத்தில், வேறோர் இடத்தில் ஆகன் வாயுவோடு இயங்கிய கருவிக்கு எழுதப்பட்ட அமைப்பை, எங்கள் நைதரசன் கருவிக்கு எவரோ அப்படியே பிரதிசெய்து விட்டார்கள். வோல்ற்று எண் ஒன்றே, வாயு வேறு. மூன்று வாரங்கள், துண்டுகளின் திணிவைக் கோடுகளாகக் காட்டும் எங்கள் நிறமாலைகளில் தாய் அயன் உடையாமல் ஓங்கி நின்றது, துண்டுகள் புல்லைப் போல் அடியில் கிடந்தன. கணினி நிரல் ஒவ்வொரு மாலையும் பெயர்ப்பட்டியலைத் தந்துகொண்டேயிருந்தது. பட்டியல் சிறிதாக இருந்தது, அவ்வளவே. மாதிரியில் புரதம் குறைவு என்று எல்லோரும் எண்ணினோம். நான் ஒருநாள் பட்டியலை விட்டுவிட்டு நிறமாலைகளைக் காகிதத்தில் அச்சிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் பிழை தெரிந்தது. அதற்குள் நோயாளர்களிடமிருந்து பெறப்பட்ட, மீண்டும் பெற முடியாத சில மாதிரிகள் தீர்ந்துபோயிருந்தன. முதல் நாளே நிறமாலையைத் திறந்து பார்க்காத குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அந்த மனவருத்தம் இன்றும் தீரவில்லை.

இப்போது தயிருக்கு வருவோம். பாலின் முக்கிய புரதம் கேசீன். பசுவின் கேசீனும் எருமையின் கேசீனும் பெரும்பகுதியில் ஒன்றே. சில இடங்களில் மட்டும் ஓர் அமினோவமிலம் மாறியிருக்கும். அந்த மாறிய இடத்தைத் தாங்கிய பெப்ரைட்டை உடைத்து, மாற்றம் எந்தப் படியில் நிகழ்கிறது என்று காட்டினால்தான் அது சான்று. இதில் மூன்று இடர்கள் உண்டு. கேசீனின் செரீன்கள் பலவற்றில் பொசுபேற்றுத் தொகுதி ஏறியிருக்கும். மோதலில் முதலில் அதுதான் 98 தால்டன் எடையோடு கழன்று ஓடும். முதுகெலும்பை உடைக்க வேண்டிய சக்தி அதிலேயே செலவாகி, இரட்டை ஏற்றத் தாய் அயனிலிருந்து 49 குறைந்த இடத்தில் ஒரே ஒரு பெரிய கோடு நிற்க, மற்றவை தெரியா. அடுத்தது, தயிர் உறையும்போது நுண்ணுயிர்களே கேசீனை வெட்டிவிடுகின்றன. அவை திரிப்சினைப் போல லைசீன், ஆர்ஜினீன் என்று பார்த்து வெட்டுவதில்லை. வலக்கோடியில் புரோத்தனைப் பிடித்துவைக்கும் பக்கச்சங்கிலி இல்லாத அத்தகைய பெப்ரைட்டுகளில் வை வரிசை தளர்ந்து, பாடநூலில் உள்ள படம் போல நிறமாலை வராது. கேசீனில் புரோலீன் மிகுதி என்பது மூன்றாவது. அதன் இடப்பக்கத்திலேயே எல்லாம் உடைந்து, நமக்கு வேண்டிய படி வெறுமையாகக் கிடக்கலாம். எனினும் பசுவின் பீற்றா கேசீனில் 67 ஆம் இடம் ஒரு மரபு வகையில் புரோலீனாகவும் இன்னொரு மரபு வகையில் இஸ்ரிடீனாகவும் இருக்கிறது. அத்தகைய இடத்தில் இரண்டுக்கும் 40.01 தால்டன் வேறுபாடு இருப்பதோடு, உடைப்பின் தோற்றமே மாறிவிடும் என்பதால் நன்றாக உடைத்தவருக்கு அது வாய்ப்பாகவும் அமையும்.

இவ்வளவையும் நான் ஏன் விரிக்கிறேன் என்றால், கணினி நிரல் எந்த மோசமான நிறமாலைக்கும் தன் களஞ்சியத்தில் மிக நெருங்கிய ஒரு பெப்ரைட்டின் பெயரைச் சூட்டிவிடும். அதனாலேயே, புரத வரிசைகளைத் தலைகீழாகத் திருப்பி எழுதிய பொய்க் களஞ்சியம் ஒன்றையும் சேர்த்துத் தேடி, பொய்யில் எத்தனை விழுகின்றன என்று எண்ணி, பிழை நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாதபடி பட்டியலை வெட்டுவது வழக்கமாயிற்று. நூற்றுக்கு ஒன்று என்பது ஆயிரம் புரதங்களைப் பட்டியலிடும் ஆய்வாளருக்குச் சிறிய பிழை. ஒரே ஒரு பெப்ரைட்டை வைத்து, படுவான்கரையில் நாலு எருமை வைத்துப் பால் கறந்து சட்டி அடுக்கி ஆற்றைக் கடந்து வந்து விற்கும் ஒருவரைக் கலப்படக்காரர் என்று சொல்லப்போகிறோமாயின், அந்த நிறமாலையை ஒரு மனிதர் தன் கண்ணால் பார்த்து, படிப்படியாக வாசித்து, கையொப்பமிட வேண்டும். அந்தக் கையொப்பத்தை இடக்கூடியவர் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் இருக்கிறாரா என்பதையே நான் முதலில் கேட்பேன்.

நஞ்சைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியது நியாயமானது. இலங்கையில் பயன்படும் விடமுறிவு மருந்து இந்தியப் பாம்புகளின் நஞ்சைக் கொண்டு இந்தியாவில் தயாரிக்கப்படுவது. நம் கண்ணாடி விரியனின் நஞ்சோ, தசைகளைத் தளரச் செய்து கண்ணிமையைச் சரிய வைக்கும் இயல்பையும் உடையது. அந்நஞ்சின் முக்கிய நொதியமான பொசுபோலிப்பேசு ஏ2 ஏறத்தாழ 120 அமினோவமிலங்கள் கொண்டது. அதனுள் சிஸ்தீன் அமினோவமிலங்களைச் சோடி சோடியாக இணைக்கும் ஏழு இருசல்பைட்டுப் பாலங்கள் அதனை முடிச்சுப் போட்டு வைத்திருக்கின்றன. சாதாரண மோதல் இந்த முடிச்சை அவிழ்ப்பதில் பெரும்பாலும் தோற்கிறது. பாலங்களை இரசாயன முறையில் அவிழ்த்து அயடோஅசற்றமைட்டால் மூடிவிட்டால் உடைப்பு எளிதாகும். ஆனால் ஒவ்வொரு சிஸ்தீனும் 57.02 தால்டன் கூடும். அது கிளைசீனின் திணிவேதான் என்பதை அறியாதவர் இல்லாத கிளைசீனை வாசிப்பார். பாலம் எங்கே இருந்தது என்ற தகவலும் அதோடு போய்விடும்.

இங்கேதான் வேறொரு வகை உடைப்பு கைகொடுக்கிறது. 1998 ஆம் ஆண்டில் சுபரேவ், கெல்லெகர், மக்லபேட்டி ஆகியோர், பல ஏற்றமுள்ள அயனுக்கு மெல்லிய வேகத்தில் இலத்திரன் ஒன்றை ஊட்டினால் அது சூடேறி உடைவதற்குப் பதிலாகக் கணத்தில் முதுகெலும்பின் வேறொரு பிணைப்பில் உடைந்து சீ, சட் என்ற துண்டுகளைத் தருவதை அறிவித்தனர். 2004 ஆம் ஆண்டில் டொனால்ட் ஹன்ற்றின் குழுவினர் அந்த இலத்திரனை எதிர்மறை அயன் ஒன்றின் மூலம் கைமாற்றிக் கொடுத்து, சாதாரண அயன்பொறியிலேயே அதனைச் செய்துகாட்டினர். இம்முறையில் பொசுபேற்றுக் கழன்று ஓடுவதில்லை. இருசல்பைட்டுப் பாலம் முதலில் அறுகிறது. புரோலீனின் இடப்பக்கம் மட்டும், அதன் வளைய அமைப்பின் காரணமாக, துண்டு தராமல் மௌனமாக இருக்கும். ஏற்றம் இரண்டே உள்ள அயன்களில் இலத்திரன் ஏறியும் துண்டுகள் பிரியாமல் ஒட்டிக்கொண்டு நிற்பது இதன் குறை. அதன்மேல் சிறிது மோதலையும் சேர்த்துக் கொடுத்தால் பெருமளவு தீரும். இரு முறைகளும் ஒன்றின் வெற்றிடத்தை மற்றது நிரப்புவதால், நஞ்சுப் புரதங்களுக்கு இரண்டும் உள்ள கருவியையே கேட்க வேண்டும் என்பது என் கருத்து. கருவி வாங்கும் குழுவில் இந்த வேறுபாட்டைக் கேள்வியாக எழுப்பத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும்.

கருவி இல்லாமல் எப்படிக் கற்பது என்று கேட்பார்கள். இங்கிலாந்தில் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவகம் நடத்தும் பிரைட் என்ற களஞ்சியத்தில் உலகெங்கும் எடுக்கப்பட்ட நிறமாலைகள், எந்தச் சக்தி, எந்தக் கருவி என்பன போன்ற விபரங்களோடு எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றை வாசிக்கும் ஓப்பன்எம்எஸ், மக்ஸ்குவாண்ட் போன்ற நிரல்களுக்கும் கட்டணம் இல்லை. வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகமும், சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடமும் இணைந்து, இரசாயனவியல் மாணவர்களுக்கு ஒரு தவணைப் பயிற்சியை இந்நிறமாலைகளைக் கொண்டே தொடங்கலாம். அதே பெப்ரைட்டைத் தாழ்ந்த சக்தியிலும் உயர்ந்த சக்தியிலும் உடைத்த நிறமாலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், கருவியைத் தொடும் முன்னரே அதன் குணத்தை அறிந்துவிடுவார். கருவி வரும்போது இடைவிடாத மின்சாரமும், தூய நைதரசன் வழங்கலும், வெற்றிடப் பம்பிகளைப் பராமரிக்கும் ஒப்பந்தமும் கருவியின் விலைக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். மின்தடை நேர்ந்து வெற்றிடம் குலைந்தால் மீண்டும் வெற்றிடமாக்கி, வாயு அழுத்தத்தையும் உடைப்பையும் தெரிந்த ஒரு பெப்ரைட்டைக் கொண்டு சரிபார்த்த பின்னரே மாதிரிகளைத் தொட வேண்டும்.

தங்கள் பத்திரிகை இடம் தருமாயின், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட உயர்தர மாணவர்களுக்கு ஒரு கணக்கை இங்கேயே தருகிறேன். விடையை அடுத்த வாரம் எழுதி அனுப்புகிறேன். இரட்டை ஏற்றத்தில் 359.17 இல் நிற்கும் ஒரு பெப்ரைட்டை மோதலால் உடைத்தபோது கிடைத்த வை அயன்கள் 175.12, 361.20, 448.23, 545.28, 660.31, முழுப் பெப்ரைட்டு ஒற்றை ஏற்றத்தில் 717.33. தேவைப்படும் திணிவுகள்: கிளைசீன் 57.02, அலனீன் 71.04, செரீன் 87.03, புரோலீன் 97.05, வலீன் 99.07, அஸ்பாட்டிக் அமிலம் 115.03, குளுத்தாமிக் அமிலம் 129.04, ஆர்ஜினீன் 156.10, திரிப்தோபன் 186.08. முதல் வை அயனில் மட்டும் அமினோவமிலத்தின் திணிவோடு 19.02 கூடியிருக்கும். ஒரு வேறுபாட்டுக்குத் தனி அமினோவமிலம் ஒன்றும், இரண்டு அமினோவமிலங்கள் சேர்ந்த வேறு மூன்று சோடிகளும் ஏறத்தாழப் பொருந்துவதைக் காண்பீர்கள். அவற்றுள் எது சரி என்பதை இரண்டாம் தசமதானம் சொல்லும். வரிசையை எழுதிய பின், இந்த ஐந்து பிணைப்புகளுள் எது மற்ற எல்லாவற்றையும்விட எளிதாக உடைந்திருக்கும், ஏன் என்பதையும் இரண்டு காரணங்களோடு எழுதுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.